பாலைவனச் சாலையில் இரவு தங்க இடம் வேண்டும்

மயூர் விகார்,
தில்லி.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

டிசம்பர் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கும்போது, தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, ஊருக்குச் செல்ல ரயிலில் இடம் கிடைக்காத காரணத்தாலோ, இந்தப் பக்கத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற விருப்பத்தாலோ, சொந்தக் காரில் ராஜஸ்தானுக்குப் புறப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆர்.கே.புரம், முனிர்க்கா, கரோல் பாக், மயூர் விகார் என்று நம்மவர்கள் சேர்ந்து வாழும் எந்தப் பகுதியில் விசாரித்தாலும், பிக்கானேர், ஜெய்சால்மர் வரை போய் வந்த ஒரு குடும்பமாவது இருக்கும். போய் வந்தவர்கள் கோட்டையைப் பற்றியும் மணற்குன்றுகளைப் பற்றியும் மகிழ்ச்சியோடு பேசுகிறார்கள். இரவு எங்கே தங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சு தயங்குகிறது. இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான் தங்கள் நாளிதழ் வழியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தில்லியிலிருந்து ஜெய்சால்மர் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். சாலைகள் முன்பைவிட மிகவும் மேம்பட்டுள்ளன. ரேவாரியில் தொடங்கி நார்னௌல், ஜுன்ஜுனு, பதேபூர், பிக்கானேர், பலோதி, பொக்ரான் வழியாக ஜெய்சால்மரைத் தொடும் 11-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெரும்பகுதி நேராகவும் சீராகவும் இருக்கிறது. அமிர்தசரஸையும் ஜாம்நகரையும் இணைக்கும் ஆறுவழி விரைவுச் சாலையில், ராஜஸ்தானுக்குள் வரும் 500 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பகுதி 2023 ஜூலையில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் சாலை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரே நாளில் இவ்வளவு தூரத்தையும் ஓட்டிவிட முடியாது. ஹரியாணாவைக் கடக்கும் வரை காலைப் பனிமூட்டம் வண்டியை ஊர வைக்கும். பொழுது சாய்ந்த பிறகோ ஒட்டகமும் மாடும் நீல்காய் எனப்படும் பெரிய மானும் சாலையின் குறுக்கே வந்து நிற்கும். முதியவர்களும் குழந்தைகளும் வண்டியில் இருந்தால் நடுவழியில் ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். ஊர்களில் விடுதிகள் உண்டு. ஆயினும் டிசம்பர் கடைசி வாரத்தில் அவை நிரம்பிவிடும், அல்லது வாடகை பல மடங்காகிவிடும். அத்துடன், பாலைவனத்துக்குப் போய்விட்டு நட்சத்திரங்களைப் பார்க்காமல் நான்கு சுவருக்குள் உறங்குவதா என்ற பிள்ளைகளின் ஏக்கமும் நியாயமானதே. எனவேதான் கூடாரத்தையும் கம்பளியையும் கட்டிக்கொண்டு, எங்காவது நிறுத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் பலர் கிளம்புகிறார்கள். எங்காவது என்ற அந்த நினைப்பில்தான் தொல்லை தொடங்குகிறது.

ஜெய்சால்மர் மாவட்டத்தின் பரப்பு 38,401 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்கைக் காட்டிலும் அதிகம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர் வாழ்ந்தார்கள். தமிழ்நாட்டில் அந்த எண் 555. நெருக்கடியான ஊர்களில் பிறந்து, தில்லியின் அடுக்குமாடிகளில் வாழும் நம் கண்ணுக்கு, வேலியும் வரப்பும் இல்லாத அந்த வெளி யாருக்கும் சொந்தமில்லாத பொட்டல் போலத் தோன்றுவது இயற்கை. உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கு ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழையை மட்டுமே நம்பி வாழும் நிலத்தில் ஒவ்வொரு சரிவுக்கும், ஒவ்வொரு புல்வெளிக்கும், ஒவ்வொரு மரக்கூட்டத்துக்கும் ஒரு பயன் உண்டு. அதைக் காக்கும் மக்களும் உண்டு. அவர்களைக் கேளாமல் கூடாரம் அடிப்பது, ஒருவர் வீட்டு முற்றத்தில் அனுமதியின்றிப் பாய் விரிப்பதற்குச் சமம்.

எல்லாவற்றினும் முதலில் சொல்ல வேண்டியது ஆகோர் எனப்படும் நிலத்தைப் பற்றித்தான். ஊர்க்குளத்துக்கு நீர் கொண்டுவந்து சேர்க்கும் சரிவான வெளிக்கு அங்கே அப்பெயர். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஊருணியில் கால் கழுவக்கூட விடாமல் பெரியவர்கள் காத்து நின்றது போலவே, மார்வார் நாட்டுச் சிற்றூர் மக்கள் தங்கள் குளத்தையும் அதன் வரத்துப் பகுதியையும் தலைமுறை தலைமுறையாகத் தூய்மையாக வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் ஆகோருக்குள் செருப்போடு நடப்பதில்லை, ஆடுமாடுகளை அடைப்பதில்லை, அங்கே காலைக்கடன் கழிப்பது பெருங்குற்றம். ஆனால் கார் ஓட்டி வருபவரின் பார்வைக்கு அதைவிடத் தோதான இடம் வேறு இல்லை. மண் இறுகியிருப்பதால் சக்கரம் புதையாது. முட்செடிகள் இல்லை. லேசான சரிவு இருப்பதால் கூடாரத்துக்கும் வசதி. இரவு தங்கியவர்கள் விடிந்ததும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒதுங்குவது அந்தச் சரிவிலேதான். அவர்கள் போய்விடுவார்கள். அடுத்த மழையில் அந்த அசுத்தம் அனைத்தும் ஊரார் குடிக்கும் குளத்துக்குள் இறங்கும். குழாய் நீரும் இந்திரா காந்தி கால்வாயின் நீரும் பல ஊர்களுக்கு வந்துவிட்டபோதிலும், கால்நடைகளுக்கும், குழாய் வறளும் நாட்களில் மனிதர்களுக்கும் அந்தக் குளமே இன்னமும் கைகொடுக்கிறது. இதை அறிந்து செய்பவர் யாரும் இல்லை. அறிவிக்கும் பலகை ஒன்றும் இல்லை என்பதே என் வருத்தம்.

கடீன் என்பது மற்றொன்று. பாறைச் சரிவுகளில் வழியும் மழைநீரைக் குறுக்கே நீண்ட மண்கரை எழுப்பித் தேக்கி, நீர் மண்ணுக்குள் இறங்கிய பின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைவிக்கும் முறை இது. பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதில் கைதேர்ந்திருந்தார்கள். அவர்கள் கைவிட்டுப் போன குல்தரா கிராமத்தைப் பார்க்காமல் எந்தச் சுற்றுலாப் பயணியும் ஜெய்சால்மரிலிருந்து திரும்புவதில்லை. ஆனால் அந்த இடிந்த வீடுகளைப் படம் எடுப்பவர்கள், பாலிவால்கள் கைதேர்ந்திருந்த அந்த விவசாயம் இன்றும் நடக்கும் வயலை வெறும் தரை என்று எண்ணி வண்டியை ஏற்றிவிடுகிறார்கள். டிசம்பரில் பயிர் விரலளவே எழும்பியிருக்கும். அந்தி மங்கலில் அது கண்ணில் படாது. கடீன் கரையின் மீது வண்டி ஏறி இறங்கினால் கரை சரியும். அதைச் செப்பனிடும் செலவு ஓர் ஏழை விவசாயியின் தலையில் விழும்.

மூன்றாவது, ஓரண் எனப்படும் தெய்வத்தின் காடு. ஊர்த்தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட இந்நிலங்களில் மரம் வெட்டுவதில்லை, கலப்பை இறங்குவதில்லை, ஆடுமாடும் ஒட்டகமும் மட்டும் மேயும். வருவாய்ப் பதிவேடுகளில் இவற்றுள் பல தரிசு என்றே எழுதப்பட்டிருப்பதால், சூரிய மின் நிலையங்களுக்கும் மின்கோபுரங்களுக்கும் நிலம் தேடுகையில் இவையே முதலில் பறிபோகின்றன என்று அங்குள்ள மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் இத்தகைய புனிதக் காடுகளை அளந்து, வரைபடத்தில் குறித்து, பாதுகாக்குமாறு உத்தரவிட்டது. அத்தகைய இடத்தில் நாம் போய் விறகு ஒடித்து நெருப்பு மூட்டினால் ஊர் மக்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அங்கே நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை கேஜ்ரி. நம்மூரில் வன்னி என்று சொல்லி வணங்கும் அதே மரம். 1730-ஆம் ஆண்டில் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில், அரண்மனைக்காக இம்மரங்களை வெட்ட வந்தவர்களைத் தடுத்து, அம்ருதா தேவி என்ற பெண்மணி தொடங்கி 363 பிஷ்னோய் சமூக மக்கள் உயிர் கொடுத்தார்கள். ஓர் இரவின் குளிருக்கு அந்த மரத்தின் கிளையை ஒடிக்கலாகாது. சிறிய எரிவாயு அடுப்பு ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்வதில் யாருக்கும் சிரமம் இருக்க முடியாது.

சட்டம் தடுக்கும் இடங்களும் உண்டு. ஜெய்சால்மர், பார்மேர் மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பாலைவன தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம். கானமயில் என்று நாம் அழைக்கும் பெரும் பறவை, இன்று நாட்டில் 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி இந்த வெளியிலும் பொக்ரான் பகுதியிலும்தான் வாழ்கின்றன. ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் புல்வெளிகளிலும் திரிந்த பறவை அது, நாம் இழந்துவிட்டோம். அது தரையில் முட்டையிடும். அது நடமாடும் சேவண் புல்வெளியில் வாகனத் தடம் ஒருமுறை பதிந்தால் அத்தனை எளிதில் ஆறாது. இவை தவிர, பொக்ரானிலும் பிக்கானேருக்கு வடக்கே மகாஜனிலும் ராணுவத்தின் துப்பாக்கி சுடும் களங்கள் உள்ளன. ராம்கட்டைத் தாண்டித் தனோட், லோங்கேவாலா செல்லும் வழி எல்லையை ஒட்டியது. தனோட் மாதா கோயிலுக்குப் பகலில் போய்த் தரிசனம் செய்து, பொழுதோடு திரும்பிவிடுவதே முறை. அங்கே சாலையோரத்தில் கூடாரம் அடித்தால் எல்லைப் பாதுகாப்புப் படையினர் எழுப்பி விசாரிப்பார்கள். அது அவர்கள் கடமை.

சாம் மணற்குன்றுகளைப் பற்றி ஒரு சொல். ஜெய்சால்மருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் வரிசை வரிசையாகத் துணி வீடுகள் அமைத்து, ஆட்டமும் பாட்டும் சாப்பாடும் சேர்த்து வாடகைக்கு விடுகிறார்கள். மாங்கணியார் இசைக்கலைஞர்கள் பலருக்கு அந்தப் பருவத்தின் வருமானம் அதில் கிடைக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒலிபெருக்கி நள்ளிரவு வரை முழங்க, நாற்சக்கர மோட்டார் வண்டிகள் குன்றுகளின் மீது உறுமிக்கொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும் அந்த இடம், அமைதியான ஓர் இரவைத் தேடி வரும் குடும்பத்துக்கு ஏற்றதல்ல. பலருக்கு அதன் கட்டணமும் எட்டாது. ஆக, ஒரு புறம் ஆடம்பரத் துணி வீடு, மறுபுறம் அனுமதியில்லாத வெட்டவெளி. இரண்டுக்கும் நடுவில் எளிய மனிதருக்கான இடம் ஒன்று இல்லை.

அப்படி ஓர் இடம் அமையும் வரை என்ன செய்வது? கேட்டுத் தங்குவது ஒன்றே வழி என்பது என் உறுதியான கருத்து. பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் அன்றைய இரவுக்கான இடத்தைத் தேடத் தொடங்கிவிட வேண்டும். ஜெய்சால்மர் தில்லிக்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கே ஏறக்குறைய அரை மணி நேரம் பிந்தியே மறையும். இருந்தாலும் அந்த அரை மணியை நம்பி ஓட்டிக்கொண்டே போவது ஆபத்து. முதன்மைச் சாலையை விட்டு ஐந்தாறு கிலோமீட்டர் உள்ளே சென்றால் தாணி எனப்படும் சிறு குடியிருப்புகள் தென்படும். வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு, இறங்கி நடந்து சென்று, "ராம் ராம் சா" என்று கைகூப்பி, வீட்டுப் பெரியவரிடம் நாங்கள் இன்ன ஊர், குடும்பத்தோடு வந்திருக்கிறோம், இரவு தங்க எந்த இடம் சரி என்று கேட்டால், முகம் சுளிப்பவர்கள் அரிது. எது ஆகோர், எது மேய்ச்சல் தரை, எங்கே பாம்பு நடமாட்டம், எந்தக் குளத்தில் நீர் எடுக்கலாம், எதில் கூடாது என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். இதைச் சொல்லும் வரைபடம் எந்தக் கைபேசியிலும் இல்லை. பெரும்பாலும் தங்கள் வீட்டு வேலிக்கு அருகிலேயே இடம் காட்டுவார்கள். தேநீரும் வரும். பணம் கொடுத்தால் வாங்கத் தயங்குவார்கள். அப்போது அவர்களிடமே பாலோ, கம்பு ரொட்டியோ, மறுநாள் காலை ஒட்டகச் சவாரியோ கேட்டுப் பெற்று அதற்குரிய விலையைக் கொடுப்பது இருவருக்கும் மரியாதை. தண்ணீரை மட்டும் கேட்காதிருப்பது நல்லது. அவர்களுடைய நிலத்தடித் தொட்டியில் இருப்பது மழையில் சேர்த்ததாகவோ, டிராக்டரில் வரும் தண்ணீருக்குக் காசு கொடுத்து வாங்கியதாகவோ இருக்கும். ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் வண்டியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் உடன் வரும்போது வெட்டவெளியை நாடாமல் கோயில் தர்மசாலைகளில் தங்குவதே மேல். கபில முனிவரின் குளத்தைச் சுற்றிப் படித்துறைகளும் கோயில்களும் நிறைந்த கோலாயத், அப்பகுதி மக்கள் தெய்வமாக வணங்கும் பாபா ராம்தேவின் சமாதி உள்ள ராம்தேவ்ரா, பிக்கானேருக்குத் தெற்கே கர்ணி மாதா கோயில் உள்ள தேஷ்னோக் ஆகிய ஊர்களில் எளிய அறைகள் கிடைக்கின்றன. பண்டிகை நாட்கள் தவிர மற்ற நாட்களில் இடத்துக்குக் குறைவிருக்காது.

தரையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வறண்ட ஆற்றுப்படுகையின் மணல் மெத்தை போல இருக்கும். அங்கே படுக்கக் கூடாது. பாலைவனத்தில் வெள்ளமா என்று நினைப்பவர்களுக்கு 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்தின் கவாஸ் கிராமத்துக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சில நாட்கள் பெய்த பெருமழையில் ஊரே மூழ்கியது; அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் நெடுநாள் தேங்கி நின்றது. டிசம்பரில் அந்த அபாயம் இல்லை. ஆயினும் ராம்தேவ்ரா திருவிழாவுக்காக ஆவணி, புரட்டாசியில் போகிறவர்கள் இதை மறக்கலாகாது. மணற்குன்றின் உச்சியும் வேண்டாம், அதன் செங்குத்தான மணல்சரிவின் அடியும் வேண்டாம். இரு குன்றுகளுக்கு இடையே உள்ள இறுகிய தரைதான் வண்டிக்கும் கூடாரத்துக்கும் ஏற்றது. சீமைக் கருவேல முள் டயரைத் துளைக்கும் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதிரிச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று தில்லியிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

குளிரைக் குறைத்து மதிப்பிடுவதுதான் தெற்கத்தி மக்களிடம் பொதுவாகக் காணும் பழக்கம். 2016 மே மாதத்தில் 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான பலோதியின் பக்கத்தில்தான் குளிர்கால இரவில் பற்கள் கிடுகிடுக்கும். காற்றில் ஈரமும் வானில் மேகமும் இல்லாததால் பகலில் ஏறிய சூடு இரவில் தடையின்றி வெளியேறிவிடுகிறது. சூரு, பதேபூர் பகுதிகளில் நீர் உறையும் அளவுக்கு வெப்பநிலை இறங்கும் இரவுகள் உண்டு. அப்போது கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துச் செல்லும் எண்ணம் வரும். மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் கார்பன் மோனாக்ஸைடு நச்சுவாயுவால் உயிரிழந்த செய்தியைத் தில்லிவாசிகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் படிக்கிறோம். கூடாரமும் மூடிய அறைதான். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் உறங்குவதும் அதே ஆபத்தைக் கொண்டுவரும். கம்பளிகளைக் கூடுதலாக எடுத்துச் செல்வதைத் தவிர வேறு மாற்று இல்லை.

பாம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தார்ப் பாலையின் புதர்களில் சுருட்டை விரியன் அதிகம். குளிர்காலத்தில் அதன் நடமாட்டம் குறைவு என்றாலும், மார்ச், அக்டோபர் மாதங்களில் போகிறவர்கள் வெறுந்தரையில் படுக்கக் கூடாது. காலணியை உதறாமல் அணியக் கூடாது. நம் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பகுதி, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் தமிழர்களுக்குப் பெருமை. ஆனால் ராஜஸ்தானின் சுருட்டை விரியன் வேறு கிளையினம் என்பதால் தெற்கில் எடுத்த நஞ்சால் செய்த மருந்து அங்கே எதிர்பார்த்த அளவு வேலை செய்வதில்லை என்று மருத்துவர்கள் சொல்லி வருகிறார்கள். கடிபட்டால் நாட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காமல் 108-ஐ அழைத்து மாவட்ட மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஜெய்சால்மர், பிக்கானேர், ஜோத்பூர் ஆகிய மூன்றில் எது அருகில் என்பதை ஒவ்வோர் இரவும் உறங்குமுன் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மத்திய சுற்றுலா அமைச்சகம் காரவன் வண்டிகளுக்கும் அவை நிற்கும் முகாம்களுக்கும் ஒரு கொள்கையை வகுத்திருக்கிறது. கேரள அரசு 2021-இல் காரவன் சுற்றுலாவைத் தொடங்கியது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் சாலையோர வசதி மையங்களை அமைத்து வருகிறது. இவை எல்லாம் நல்ல முயற்சிகள். ஆனால் படுக்கையறையும் சமையலறையும் கொண்ட காரவன் வைத்திருப்பவர் எத்தனை பேர்? சாதாரணக் காரில் ஒரு கூடாரத்தோடு வரும் குடும்பத்துக்குத் தேவை மிகச் சிறியது. ஓர் ஏக்கர் இறுகிய தரை, சுற்றிலும் முள்வேலி, தண்ணீர் அதிகம் செலவாகாத நான்கு கழிப்பறைகள், பூட்டிய தொட்டியில் அளந்து கொடுக்கும் குடிநீர், தரையை மட்டும் காட்டும் மங்கலான விளக்கு, இரவில் விழித்திருக்கும் ஒரு காவலர். இவ்வளவு போதும்.

இத்தகைய திடலைக் கோலாயத்திலிருந்து ஜெய்சால்மர் வரை ஒவ்வொரு வட்டத்திலும் ஒன்றாவது அமைக்கலாம். எந்த நிலம் என்பதை அதிகாரிகள் தீர்மானிக்காமல், ஆகோரும் ஓரணும் எது என்று அறிந்த கிராம சபை தீர்மானிக்க வேண்டும். கட்டணத்தை ஊராட்சியே வசூலித்துக்கொள்ளட்டும். பராமரிப்பை அந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் கொடுத்தால், பெண்களோடும் குழந்தைகளோடும் வருபவர்களுக்கு அச்சம் குறையும். ஊருக்கும் வருமானம் கிடைக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை திறந்திருந்தால் போதும். ஒலிபெருக்கிக்கு இடம் கொடுக்கக் கூடாது. எந்த நிலத்தில் தங்கக் கூடாது என்பதை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய பலகைகள் ஊர் எல்லைகளில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் அருகில் உள்ள திடலின் விவரம் ஒட்டப்பட வேண்டும்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ராம்தேவ்ராவுக்கு ஒவ்வோர் ஆண்டும் பாத்ரபத மாதத் திருவிழாவின்போது லட்சக்கணக்கானவர்கள் நடந்தே வருகிறார்கள். அவர்களுக்காகச் சாலை நெடுகிலும் உள்ளூர் மக்கள் பந்தல் போட்டு, படுக்க இடமும் சாப்பாடும் கால்வலிக்கு மருந்தும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அவ்வளவு பேரை ஓரிரு வாரங்கள் தாங்கத் தெரிந்த மண்ணுக்கு, குளிர்காலத்தில் இரவுக்குப் பத்துக் கார்களுக்கு இடம் ஒதுக்குவது பெரிய சுமை ஆகாது. குறைவது உழைப்போ விருந்தோம்பலோ அன்று. இவ்வளவு சிறிய தேவையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஓர் அரசாணைதான்.

இடம் கொடுத்தால் கூட்டம் பெருகி, அமைதி கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கவலை நியாயமானது. ஆனால் கூட்டம் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது. சாலைகள் விரியும்போது இன்னும் வரும். இடம் இல்லாததால் யாரும் பயணத்தை நிறுத்தவில்லை. குளத்து வரத்திலும் கானமயில் வெளியிலும் போய் நிற்கிறார்கள். திடலுக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையை வரையறுத்து, முன்பதிவு முறை வைத்தால் அந்தச் சேதம் நிற்கும். சாமில் துணி வீடுகள் நடத்துபவர்களின் பிழைப்பும் இதனால் கெடாது. ஆட்டபாட்டத்தை விரும்புபவர்கள் அங்கேதான் போவார்கள்.

தில்லியில் உள்ள தமிழ் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். நவம்பர் மாதத்தில் ஒரு மாலையேனும், இந்தச் சாலையில் போய் வந்த குடும்பங்களையும், இங்கே வாழும் ராஜஸ்தானியர் சிலரையும் அழைத்து, போகப் போகிறவர்களுக்கு வழி சொல்லும் கூட்டம் ஒன்றை நடத்த வேண்டும். எந்த ஊரில் தர்மசாலை திறந்திருக்கிறது, எந்தக் கிராமத்தில் கேட்டால் இடம் தருவார்கள், எந்தப் பகுதியில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது, ராம்கட்டுக்கு அப்பால் பெட்ரோல் கிடைக்குமா என்பன போன்றவை ஆண்டுதோறும் மாறுபவை. போய் வந்தவர் சொன்னால்தான் தெரியும். தங்கள் நாளிதழின் தில்லிப் பதிப்பும் விடுமுறை தொடங்கும் முன் இத்தகவல்களைத் திரட்டி ஒரு பக்கத்தில் வெளியிட வேண்டும் என்றும், எளிய தங்கும் திடல்கள் பற்றிய கோரிக்கையை ராஜஸ்தான் சுற்றுலாத் துறையின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மயூர் விகார், தில்லி.